எங்களையும் மீன்குஞ்சு என்று பதிந்துகொள்ளுங்கள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஓர் உயிர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சேதாரமில்லாமல் போய்ச் சேர வேண்டுமானால், அது மீன்குஞ்சாகப் பிறந்திருக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஜெலுபு மாவட்டத்தில் தித்தி என்றொரு சின்ன ஊர். அங்கே கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆய்வு மையம் இருக்கிறது. படித்தவர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு கெளுத்திக்கும் திலாப்பியாவுக்கும் லம்பாமுக்கும் என்ன செய்தால் சுகமாக இருக்கும் என்று யோசிக்கிற இடம். தோட்டத்துச் சனங்களுக்கு என்ன செய்தால் சுகமாக இருக்கும் என்று யோசிக்க இந்த மாநிலத்தில் அப்படியொரு கட்டடம் எழும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எழும்பினாலும் திறப்புவிழாவுக்கு ரிப்பன் வெட்டியதும் பூட்டிவிடுவார்கள்.

சரி, மீன்குஞ்சு பயணப்படும் அழகைப் பாருங்கள். முதல் நாளே அதற்கு விரதம். தீனி கிடையாது. கொடுமை என்று நினைக்காதீர்கள், கரிசனம். வயிறு காலியாக இருந்தால்தான் பைக்குள் கழிவு சேராது. கழிவு சேர்ந்தால் அம்மோனியா, அம்மோனியா சேர்ந்தால் செவுள் வெந்து சாவு. அடுத்து, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். பொடியனையும் தடியனையும் ஒரே பையில் போட்டால் கெளுத்தி அண்ணன் தம்பியைத் தின்றுவிடுவான். பிறகு இரட்டைப் பிளாஸ்டிக் பை. ஒரு பங்கு தண்ணீர், இரண்டு மூன்று பங்கு ஆக்சிஜன். தண்ணீரில் ஒரு கை உப்பு, உடம்பு பதறாமல் இருக்க. பையின் வாயை முறுக்கி ரப்பர் வளையம் போட்டு நுரைப்பெட்டிக்குள் படுக்க வைத்து, ஓரமாகக் காகிதத்தில் சுற்றிய ஐஸ் கட்டி. சூடு ஏறினால் குஞ்சு அதிகம் மூச்சு வாங்கும், ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். ஆகையால் வெயில் தாழ்ந்தபின், இல்லையென்றால் விடியலில்தான் புறப்பாடு. தித்தியிலிருந்து சிரம்பானுக்கு வருகிற லாரி புக்கிட் தங்கா மலைப்பாதையின் வளைவுகளில் பிரசவத்துக்குப் போகிற வண்டி மாதிரி இறங்க வேண்டும். தண்ணீர் அலைந்தால் குஞ்சுக்கு அதிர்ச்சி.

இறங்கிய இடத்திலும் உபசாரம் முடிவதில்லை. பையைத் திறக்காமல் குளத்தில் கால் மணி நேரமாவது மிதக்கவிட வேண்டும். உள்ளே இருக்கிற சூடும் வெளியே இருக்கிற சூடும் சமமாகட்டும் என்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. மூடிய பைக்குள் குஞ்சு விடுகிற கரியமில வாயு தண்ணீரைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பு அம்மோனியாவின் விஷப்பல்லைப் பிடுங்கி வைத்திருக்கும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் கரியமில வாயு பறந்துவிடும், புளிப்பு இறங்கும், அம்மோனியாவுக்கு மறுபடி பல் முளைக்கும். வழியெல்லாம் பிழைத்து வந்த குஞ்சு கரையில் சாகும். ஆகவே திறந்தால் தாமதிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்து நீரைக் கலந்து, தானாக நீந்தி வெளியேற விட வேண்டும். தலைகீழாகக் கவிழ்க்கக் கூடாது.

இவ்வளவும் ஏதோ ஜெலுபுவில் இருக்கிற நல்ல மனசுக்காரர் கண்டுபிடித்தது என்று எண்ண வேண்டாம். உலக விலங்கு நல அமைப்பு நீர்வாழ் உயிரினங்களுக்கென்று ஒரு விதித்தொகுப்பே வைத்திருக்கிறது. அதில் 7.2ஆம் அத்தியாயம் முழுக்கப் பண்ணை மீன்களை ஏற்றிச் செல்லும்போது அவற்றின் நலனைப் பற்றியது. மலேசியா அதில் உறுப்பு நாடு. ஏற்றுகிறவருக்கு என்ன பொறுப்பு, ஓட்டுகிறவருக்கு என்ன பயிற்சி, வண்டி எப்படி இருக்க வேண்டும், தண்ணீரின் தரம் என்ன, எத்தனை மீனை எவ்வளவு இடத்தில் அடைக்கலாம், வழியில் வண்டி நின்றுவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன, பயணத்தின் பதிவேடு எங்கே, இறக்கிய பிறகு எப்படிக் கவனிப்பது, எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. நோயுற்ற மீனை ஏற்றாதே என்றும் இருக்கிறது. காய்ச்சலோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, வந்து நின்ற என் பெரியம்மாவை மேற்பார்வை மண்டோர் லாரியில் ஏற்றியபோது இந்த அத்தியாயத்தை யாரும் வாசித்துக் காட்டவில்லை. அவள் செவுள் இல்லாமல் பிறந்த பாவி.

இப்போது கணக்குக்கு வருவோம். தர்மம் நியாயம் எல்லாம் மேடையில். கீழே கணக்குத்தான் பேசும்.

குஞ்சு ஒன்று 20 காசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பையில் ஆயிரம். ஆக 200 வெள்ளி. கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டால் பத்தில் இரண்டு சாகிறது என்று கொள்வோம். 40 வெள்ளி நட்டம். இரட்டைப் பை, ஆக்சிஜன், ஐஸ், நுரைப்பெட்டி, கொஞ்சம் நெரிசலைக் குறைத்ததால் கூடுதல் நடை, எல்லாம் சேர்த்து 15 வெள்ளி அதிகம் போகட்டும். அப்படியும் பைக்கு 25 வெள்ளி மிச்சம். அதோடு போகவில்லை. நொந்துபோய் வந்து சேருகிற குஞ்சு அன்றைக்கே சாகாது. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஒரு வாரம் கழித்துப் பூஞ்சை பிடித்துச் சாகும். அதுவரை தின்ற தீனியும் நட்டம். நல்ல பயணத்தின் லாபம் பாதி வழியில் தெரியாது, குளத்தில்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம். பகாவ் பக்கத்தில் கான்வாஸ் தொட்டியில் கெளுத்தி வளர்க்கிற எந்த ஆளைக் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்வார்.

ஆனால் வியாபாரி வேறு கணக்கும் போடுவான். ஆக்சிஜனுக்கு 15 வெள்ளி எதற்கு? நூறு குஞ்சைக் கொசுறாக அள்ளிப் போட்டுவிட்டால் வாங்குகிறவன் வாயை மூடிக்கொள்வான். குஞ்சு மலிவு, வாயு விலை. ஆகவே சாகட்டும், சேர்த்துப் போடு. கொசுறு என்பது தமிழனுக்குச் சந்தையில் கிடைக்கிற சின்னச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குள் எத்தனை உயிர் முன்கூட்டியே செத்ததாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வாங்கிய கை கூசும்.

இதில் இன்னொரு பேதமும் உண்டு. கெலா என்கிற ஆற்று மீனின் குஞ்சு விலை அதிகம். அதற்குக் கொசுறு கிடையாது, ராஜ உபசாரம்தான். கெளுத்திக்கு எளிய பாடு. வளர்ந்த கெளுத்தி காற்றையே மூச்சாக இழுத்துக்கொள்ளும். செவுளுக்கு மேலே அதற்கென்று ஓர் உறுப்பு வைத்துப் படைத்திருக்கிறான் ஆண்டவன். அதனால் அதை ஈயத் தொட்டியில், பிளாஸ்டிக் பீப்பாயில், ஈரச் சாக்கில் எப்படிப் போட்டுக் கொண்டுபோனாலும் சமாளிக்கும். தாங்குகிற சாதி என்று தெரிந்துவிட்டால் அப்புறம் எவன் ஆக்சிஜன் வாங்குவான்? இருந்தாலும் பாருங்கள், கெளுத்திக் குஞ்சுக்கு அந்த உறுப்பு முளைத்து வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை அதற்கும் ஆக்சிஜன் பைதான். கெளுத்திக்குக்கூடக் குழந்தைப் பருவம் என்று ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள்.

எங்களைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பிறந்த குழந்தையிலிருந்தே கெளுத்தி என்று முடிவுகட்டியவர்கள்.

1926இல் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி 'ரஜுலா' என்ற கப்பலை இறக்கியது. எங்கள் பாட்டிமார்கள் கதை கதையாகச் சொல்லும் கப்பல். மேல்வகுப்பில் நூற்றுச் சொச்சம் பேர். தளத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றலாம் என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சான்றிதழ்! நெரிசலுக்கு அரசாங்க முத்திரை. மதராசிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி, தார்ப்பாயின் கீழ் பாயை விரித்து, வங்கக் கடலில் ஏறக்குறைய ஒரு வாரம் ஆடி, பினாங்கில் இறங்கினால் நோய்த்தடுப்பு முகாம். அங்கிருந்து ரயில், மாட்டு வண்டி, நடை. லுக்குட், லிங்கி, லாபு, கெமெஞ்சே என்று ரப்பர் காடு விழுங்கியது. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இலேயே ரயில் ஓடியது, ஈயம் அலுங்காமல் துறைமுகம் போக வேண்டுமே!

இங்கேதான் துரைமார்களின் மூளையைப் பாராட்ட வேண்டும். 1907இல் 'தமிழ்க் குடியேற்ற நிதி' என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். தமிழாளை வேலைக்கு வைத்திருக்கிற ஒவ்வொரு தோட்டமும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் கப்பல் கட்டணமும் கங்காணிக்குக் கொடுக்கிற தலைக்காசும். பெயருக்கு நல்ல காரியம். வந்த ஆள் தலையில் பயணக்கடன் இல்லை, மூன்றாண்டு அடிமைச்சீட்டு இல்லை, 1910இல் ஒப்பந்தக் கூலி முறையையே ஒழித்தார்கள். பாராட்டிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓர் ஆள் மலேரியாவில் போனால், அவனைக் கொண்டுவந்த செலவு இனி ஒரு துரையின் பையில் இல்லை. எல்லாத் துரைகளின் பையிலும் பொடிப்பொடியாகப் பரவிவிட்டது. பரவின நட்டம் யாருக்கும் வலிக்காது. வலிக்காதவன் எதற்குக் கொசுவலை வாங்குவான்? கங்காணியை ஊருக்கு அனுப்பி இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வரச் சொன்னால் போகிறது. நாங்கள் கொசுறு.

கப்பலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பதிவேடு வைத்திருந்தார்கள். அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும், அதைக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொள்ளலாம். வந்து இறங்கிய புதிதில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் தோட்டத்தில் போனவர்கள் வேறு பத்தியில் வந்தார்கள். கப்பல்காரன் கை கழுவியாயிற்று. மீன்காரனாவது, ஒரு வாரம் கழித்துச் செத்த குஞ்சையும் பயணத்தில் செத்த குஞ்சு என்றுதான் எண்ணுகிறான்.

இதையெல்லாம்விடக் கேடான பயணம் ஒன்றும் இருந்தது. 1942இலும் 43இலும் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட ஆள் தேடினான். நெகிரித் தோட்டங்களிலிருந்தும் பிடித்துப்போனார்கள். சினிமா காட்டுகிறோம் என்றும், நல்ல கூலி என்றும், கடைசியில் துப்பாக்கியைக் காட்டியும். ஜன்னல் இல்லாத இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, பகலில் தகரம் கொதிக்க, ராத்திரியில் உறைய, நாள்கணக்கில் ஓட்டினார்கள். உட்கார முடிந்தாலும் படுக்க இடமில்லை. காற்றுக்காகக் கதவிடுக்கில் மூக்கை வைக்க முறைபோட்டுக்கொண்டார்கள். மீன் பையில் ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு மூன்று பங்கு ஆக்சிஜன் என்று சொன்னேன் அல்லவா? 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காஞ்சனபுரிக் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய ஏழாயிரம் பேருக்குப் புல் வெட்டி, பூ நட்டுப் பேணுகிறார்கள். பேணட்டும், வேண்டியதுதான். எங்கள் ஆட்களையும் சேர்த்து, அங்கே செத்த ஆசியத் தொழிலாளருக்கு எண்ணே கிடையாது. மதிப்பீடு உண்டு. எழுபதாயிரம் என்பார்கள், தொண்ணூறாயிரம் என்பார்கள். இருபதாயிரம் பேர் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் தொண்டையில் அடைக்காத மதிப்பீடு. பொரிப்பகத்தில் ஒரு கிண்ணம் குஞ்சை எண்ணி, அத்தனை கிண்ணம் என்று பெருக்குவார்கள். அதில்கூட இவ்வளவு வித்தியாசம் வந்தால் வாங்குகிறவன் சண்டைக்கு வருவான்.

'ஐயா, அதெல்லாம் பழைய கதை' என்று இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். தூக்குபவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு சங்கத்தின் துணைத்தலைவராக இருப்பார். சரி, புதிய கதைக்கு வருவோம்.

நான் இடைநிலைப்பள்ளிக்குப் போன காலத்தில் தோட்டத்து லாரியில்தான் பட்டணத்துக்குப் போவோம். விடியற்காலையில் உரமூட்டை இறக்கிவிட்டு அப்படியே எங்களை ஏற்றுவார்கள். பலகையில் சிந்திக் கிடக்கிற வெள்ளைப் பொடி அம்மோனியம் சல்பேட். பனியில் நனைந்தால் நெடி மூக்கைத் துளைக்கும். மீனுக்கு ஆகாத அதே குடும்பத்துச் சரக்கு. வெள்ளைச் சட்டையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் முன்னால் நிற்பவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்போம். வளைவில் லாரி சாயும்போது மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் போய் மீளும். ஒரு நாள் பின்பலகைக் கொக்கி கழன்று மூன்று பேர் செம்மண்ணில் விழுந்தார்கள். ஒருவனுக்குக் கை ஒடிந்தது. தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் கட்டுப்போட்டு அனுப்பினார். மறுநாள் கொக்கிக்குப் பதில் கம்பி கட்டியிருந்தார்கள். தோட்டத்தின் செலவு ஒரு முழம் கம்பி. கை ஒடிந்தவனுடைய அம்மா இரண்டு நாள் பால் வெட்டப் போகவில்லை, அந்தச் சம்பளம் வெட்டப்பட்டது. அந்தக் கொக்கியின் விலையை யார் கட்டியது என்று இப்போது புரிகிறதா?

இன்றைக்கு லாரி குறைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டு போடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது. முன்பு தோட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள், இப்போது பட்டணத்திலிருந்து பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 150 மாணவருக்குக் கீழே போனால் 'மாணவர் குறைந்த பள்ளி' என்று பட்டியலில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தங்கம். தங்கத்தை எதில் கொண்டுவருகிறோம்? பதினொரு பேர் உட்கார வேண்டிய வேனில் இருபத்திரண்டு பேர். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் பலகை. கதவோரம் நிற்பது முதலாம் ஆண்டுப் பிள்ளை, ஏனென்றால் அதுதான் கடைசியாக ஏறியது. இதில் துரையைத் திட்ட முடியாது. மாதம் ஐந்து வெள்ளி குறைத்து வாங்குகிற வேன்காரரைத் தேடிப் பிடித்தவர்கள் நாம். பையில் அடர்த்தி அதிகமானால் குஞ்சு சாகும் என்று தெரிந்த அதே அப்பன்தான், தன் பிள்ளை உட்காரும் வேனில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததில்லை. தொட்டியில் இருப்பதற்குப் பணம் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருப்பது சும்மா வந்தது.

லாரி ஒழிந்துவிடவும் இல்லை, பின்னால் நிற்கிற ஆள்தான் மாறியிருக்கிறான். வங்காளதேசி, நேபாளி, இந்தோனேசியன், நம் தமிழ்நாட்டிலிருந்தே வந்த பையன். அரிவாள் கட்டிய நீளக் கழியோடு, உரத்தோடு, விதையோடு நிற்கிறான். முன்னால், ஓட்டுநருக்குப் பக்கத்தில் மெத்தை இருக்கையில் உட்கார்ந்திருக்கிற மண்டோர் யார்? நம் ஆள். அவருடைய தாத்தா ரஜுலாவில் வந்தவர். 'ஏறு ஏறு, சீக்கிரம்' என்று கத்துகிற குரல்கூட மாறவில்லை. 2020இல் வந்த விதிமுறை பொதுவிடுதியில் ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கை இடம் வேண்டும் என்கிறது. நல்லது. காலையில் லாரியில் ஏறியதும் அந்தச் சதுர மீட்டர் ஆவியாகிவிடுகிறது. அந்நியத் தொழிலாளரைச் சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்ததே 2019 ஜனவரியில்தான்.

மனசாட்சி எப்போது விழிக்கும் என்றால், வெளியூர்க்காரன் பையில் கை வைக்கும்போது. 2020 டிசம்பர் 30 அன்று, நெகிரியிலும் தோட்டங்கள் வைத்திருக்கிற சைம் டார்பி பிளாண்டேஷனின் பாமாயிலை அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்து நிறுத்தியது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருக்கின்றன என்றார்கள். அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! தணிக்கையாளர் வந்தார், விடுதி வெள்ளையடிக்கப்பட்டது, வேலைக்கு வரத் தரகருக்கு அழுத பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நூறு வருஷம் பேசிப் பார்த்தும் நகராதது இரண்டே வருஷத்தில் நகர்ந்தது. கம்பெனி 2024இல் பெயரையும் எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. கத்ரி என்பது துரைகள் காலத்துப் பெயர். திருந்திய பிறகு சூட்டிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை போலும்.

மீனும் எப்போதும் ராஜாவாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீன் கோபித்துக்கொள்ளும். மீன்குஞ்சு விடும் விழா என்று ஒன்று நடக்கும். எந்த வருஷம், எந்தக் குட்டை, எந்த ஒய்பி, அதாவது எந்த மாண்புமிகு மக்கள் பிரதிநிதி என்று கேட்காதீர்கள், பேர் சொல்ல மாட்டேன். ஒன்பது மணிக்கு விழா. குஞ்சுப் பைகள் எட்டு மணிக்கே வந்து கரையில் அடுக்கியாயிற்று. கூடாரம் விருந்தினர்களுக்கு, வெயில் பைகளுக்கு. ஒய்பி பத்தரைக்கு வந்தார். கொம்பாங் மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், படம் நன்றாக விழ வேண்டும் என்று பைகளின் வாயைத் திறந்து வைத்தார்கள். அதன்பிறகு உரை. நாட்டின் உணவுப் பாதுகாப்பைப் பற்றி, இளைய தலைமுறையைப் பற்றி, தோட்டத்து மக்கள் தொழில்முனைவோராக மாற வேண்டியதைப் பற்றி. பையில் அம்மோனியாவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு ஒய்பி மேடைப் பலகையில் நின்றபடி ஆளுயரத்திலிருந்து பையைக் கவிழ்த்தார். கைதட்டல். நாசி லெமாக். மூன்றாம் நாள் குட்டை ஓரமெல்லாம் வெள்ளி வெள்ளியாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அறிக்கையில் 'விடப்பட்ட குஞ்சுகள்' என்ற எண் அப்படியே இருந்தது. 'பிழைத்த குஞ்சுகள்' என்று ஒரு பத்தி கிடையாது.

அதே குஞ்சு, அதே பை, அதே பொரிப்பகம். தனியாள் காசு கொடுத்து வாங்கியபோது பட்டத்து இளவரசன், பொதுப்பணத்தில் வாங்கியபோது தோட்டத்துத் தமிழன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

ஒன்றும் தெரியாமல் இல்லை நமக்கு. சென்ற நூற்றாண்டில் வங்காளத்து ஆற்றுக் குஞ்சுகளை ஹவுராவிலிருந்து ரயிலில் தூர தேசங்களுக்கு அனுப்பினார்கள். ஆக்சிஜன் பை இல்லாத காலம். மண்சட்டியிலும் அலுமினியச் சட்டியிலும் குஞ்சை விட்டு, கூடவே ஆட்களை மூன்றாம் வகுப்பில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஆட்கள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் கையால் தண்ணீரை அலசிக்கொண்டே போக வேண்டும், காற்று கலக்கட்டும் என்று. கையை எடுத்தால் குஞ்சு சாகும், குஞ்சு செத்தால் கூலி போகும். மீன் மூச்சுவிட மனிதன் விழித்திருந்த ரயில் அது. மனிதன் மூச்சுவிட யாரும் விழித்திருக்காத ரயில் சயாமுக்குப் போனது.

ஆகவே மாண்புமிகு மீன்வளத் துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். மனிதவள அமைச்சுக்கு எழுதி எழுதிப் பேனா மை வற்றியதால் துறையை மாற்றியிருக்கிறேன். நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தொழிலாளர், அவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அவர்களின் பிள்ளைகள், வேனில் தொங்கும் முதலாம் ஆண்டு மாணவர் அனைவரையும் போக்குவரத்தின் பொருட்டு மட்டும் நன்னீர் மீன்குஞ்சு என்று பதிந்துகொள்ள வேண்டுகிறோம். விரதம் எங்களுக்குப் பழக்கம்தான், அதற்குப் பயிற்சி வேண்டாம். ஐஸ் கட்டி வேண்டாம். நுரைப்பெட்டி வேண்டாம். உப்பை நாங்களே போட்டுக்கொள்வோம், வேர்வையில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு இத்தனை குஞ்சு என்பது போல ஒரு பலகைக்கு இத்தனை பேர் என்று எழுதி வண்டியின் பின்னால் ஒட்டினால் போதும். கெலா என்று வேண்டாம், கெளுத்திக் குஞ்சு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறேன். 'வழியிலோ, வந்து இறங்கிய ஒரு வாரத்துக்குள்ளோ இந்த உயிர் போனால், பணம் யாருடைய பையிலிருந்து வரும்? பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து.' நிதியின் பெயர் எழுதக் கூடாது. காப்புறுதிக் கம்பெனியின் பெயர் எழுதக் கூடாது. 'நிர்வாகம்' என்று எழுதக் கூடாது. ஓர் ஆளின் பெயர் வேண்டும். தோட்ட மேலாளரோ, குத்தகைக்காரரோ, வேன் முதலாளியோ, எவராக இருந்தாலும் சரி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் லாரி நகரக் கூடாது. பெரட்டு தாமதமாகட்டும், துரை கைக்கடிகாரத்தைப் பார்க்கட்டும், செம்பனைக் குலை மரத்தடியில் கிடந்து அழுகட்டும்.